நான் பல் பிடுங்கப் போன நாளில் தலைவர் பேசியது

பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரே ஒரு அவைக் கூட்டத்தைத்தான் தவறவிட்டேன். அதுவும் ஊர் சுற்றப் போய் அல்ல. கடைவாய்ப் பல் ஒன்று மூன்று நாளாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கி இடது கண் பாதி மூடிவிட்டது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, இன்றைக்கே பிடுங்கியாக வேண்டும் என்றார். நகரசபை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அந்த இரண்டு நாள் விடுப்பால் ஊர் ஒரு மாதத்துக்கு வாயை மூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். நகரசபை கூடும்போது உறுப்பினர்கள் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும். மறுநாள் நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, அவைக்குறிப்பாகத் தட்டச்சு செய்வேன். மேஜைக்குக் கீழே ஒரு மிதி இருக்கிறது. அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கிற வழக்கம் அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. வரியைப் பற்றிப் பேச எழுந்தவர் வடிகாலில் போய் விழுவார், அங்கிருந்து தன் மைத்துனரின் மூட்டுவலிக்குப் போவார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அதையெல்லாம் அப்படியே எழுதிப் பார்த்தேன். படித்தபோது எனக்கே தலை சுற்றியது. இவர்கள் சொன்னதை எழுத வேண்டாம், சொல்ல வந்ததை எழுதுவோம் என்று நானாகவே முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததால் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு பேரிலும் எனக்கு அதிக வேலை வைத்தவர் எங்கள் தலைவர். தங்கமான மனிதர். குடிதண்ணீர் வரவில்லை என்று ஒரு தெருக்காரர்கள் வந்தால், மறுநாள் காலை அந்தத் தெருவில் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் பேச எழுந்தால் அவ்வளவுதான். பெயர்கள் மாறும், இடங்கள் மாறும், செத்தவர்கள் எழுந்து வருவார்கள். வெளியே விழாக்களில் செயலாளர் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிடுவதால் குட்டு வெளிப்படாது. அவைக்குள் தாள் இல்லை. அங்கே அவருக்கு நான்தான் தாள்.

அவையில் இருக்கிற மற்றவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். ஒருவர் பேசும்போது மற்ற முப்பது பேரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளர் வரிசையில் வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள், அவர்கள் வருவது குளிர்சாதனத்துக்கு. பேச்சைக் கேட்பவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் படிக்கிறவர்கள்.

நான் பல் பிடுங்கப் போன நாளில் எனக்குப் பதிலாக நில அளவைப் பிரிவிலிருந்து ஒருவரை உட்கார வைத்தார்கள். அலுவலகத்தில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மனையை மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவராவிட்டால் நாலாவது முறை அளக்கிறவர். கூட்டியும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார். தட்டச்சு நன்றாக வரும் என்பதால் அவரைப் பிடித்தார்களாம். அவர் தலைவரின் பேச்சை இப்படிப் பதிவு செய்து அலுவலகத்தின் இணையப் பக்கத்திலும் ஏற்றிவிட்டார்:

"தலைவர்: இந்த, வந்து, பஸ் நிக்கிற இடத்துல ஒரு நிழற்குடை. நூலகத்துக்குப் பக்கத்துல. நூலகம் இல்ல, அது, என்ன அது (பதினோரு நொடி மௌனம்) மீன். (இருமல்) மீன் சந்தை. அங்க நம்ம தீயணைப்பு அதிகாரி, அவரு போன வருஷம் தவறிட்டாரு, அவருக்கு நன்றி. சொன்னா உடனே செஞ்சு குடுப்பாரு."

நானாக இருந்தால், "மீன் சந்தை அருகே பேருந்து நிழற்குடை விரைவில் அமைக்கப்படும். இதற்கு வித்திட்ட காலஞ்சென்ற தீயணைப்பு அதிகாரியை அவை நன்றியுடன் நினைவுகூர்கிறது" என்று எழுதியிருப்பேன். படித்தவர்களுக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கியிருக்கும்.

நான் வீங்கிய கன்னத்தோடு படுத்திருந்தபோது ஊர் எழுந்துகொண்டது. போன மாதம் வரை முத்து முத்தாகப் பேசிய தலைவர் இந்த மாதம் மீன் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒரே மாதத்தில் மூளை போய்விட்டது என்றுதானே அர்த்தம். "பதினோரு நொடி" என்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் போட்டார்கள். டிவியில் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, தலைவரை நேரில் பார்க்காமலேயே அவருக்கு நாலு வியாதி கண்டுபிடித்தார்கள். பதவிக்கு வயது வரம்பு வேண்டும் என்றார் ஒருவர். வயது பிரச்சினை இல்லை, மூளைக்கு வருஷா வருஷம் சான்றிதழ் வேண்டும் என்றார் இன்னொருவர். இத்தனைக்கும் அந்த இன்னொருவர் நிகழ்ச்சி நடத்துபவரின் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பல மாடிக் கட்டடங்களில் வேலை என்பதால் ஊர்ப்பேச்சு முழுக்க அவர் காதில் விழும்.

"லிஃப்ட்ல ஏறுறவன் எல்லாம் டாக்டர் ஆயிட்டான். நாலாவது மாடி வர்றதுக்குள்ள நோய் என்னன்னு சொல்லிடறான். ஏழாவது மாடிக்குள்ள மருந்தும் சொல்லிடறான்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? என் பொண்டாட்டி ஒரு பல்லைப் பிடுங்கப் போயி, ஒரு தலைவரையே பிடுங்கிட்டு வந்திருக்கான்னு சொல்லவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் என்றைக்கும் இப்படித்தான் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. அதைச் சொன்னால் பத்தொன்பது வருஷத்து அவைக்குறிப்பு அத்தனையும் நான் பூசி மெழுகியது என்று ஆகிவிடும். அரசாங்கப் பதிவில் கை வைத்தவளை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்?

எதிரணித் தலைவி ஒரு வழக்கறிஞர். அவையில் யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஆதாரம் என்றே பெயர். கெட்டவர் இல்லை, விடாப்பிடிக்காரர். தலைவரின் மனத்தகுதியை ஆராய ஒரு குழு வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். "இது தலைவர்மேல இருக்கிற கோபம் இல்ல. நாளைக்கு எனக்கே இப்படி ஆனாலும் என்னையும் கேக்கணும்" என்றார். அந்தப் பேச்சை நான்தான் பதிவு செய்தேன். அதையும் கொஞ்சம் திருத்தித்தான் எழுதினேன், கை சும்மா இருக்கவில்லை.

குழுவுக்குத் தலைமை ஒரு நரம்பியல் மருத்துவர். அமைதியான பெண்மணி. தலைவரை வரச்சொல்லி இரண்டு நாள் சோதித்தார். படம் வரையச் சொன்னார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு செய்தியாளர்களிடம் பேசினார்.

"சோதனையில அப்படியொண்ணும் மோசம் இல்ல. ஆனா இன்னைக்கு எப்படி இருக்காருங்கறது பாதிதான். முன்னாடி எப்படி இருந்தாரு, இப்ப எவ்வளவு இறங்கியிருக்காருங்கறதுதான் முக்கியம். அதனால பழைய அவைக்குறிப்புகளைப் படிக்கப்போறோம். வர்ற வியாழக்கிழமை அறிக்கை."

டிவியில் இதைக் கேட்டதும் என் கையிலிருந்த தட்டு நழுவியது. தலைவர் முன்னால் எப்படி இருந்தார் என்பதற்கு அந்த அம்மாள் படிக்கப்போவது என் எழுத்தை. அதற்குப் பக்கத்தில் அளவுக்காரரின் ஒரு பக்கத்தை வைத்தால், மலை உச்சியிலிருந்து ஒரு மனிதர் ஒரே நாளில் உருண்டு விழுந்த மாதிரிதான் தெரியும்.

"போய்ச் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர், உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டே.

"வேலை போயிடுங்க."

"போனா போகட்டும். என்கூட வா, லிஃப்ட் பொத்தான் அமுக்கலாம்."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் நாலு நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தலைவரின் மனைவி ஃபோன் செய்தார். "கொஞ்சம் வீடு வரைக்கும் வந்துட்டுப் போம்மா. அவரு உன்னைக் கேக்கறாரு" என்றார்.

போனேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அவைக்குறிப்புத் தொகுதிகள். வருஷத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது பச்சை அட்டைகள். பக்கங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகக் காகிதம் செருகியிருந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாள் சவரம் செய்யாத முகம்.

"வாம்மா, உக்காரு. இதக் கேளு" என்று முதல் தொகுதியைத் திறந்தார். "'நூலகம் என்பது வீடுதோறும் பாய வேண்டிய குடிநீர். தாகம் தீர்த்துக்கொள்ள மாடி ஏறி வர வேண்டிய இடம் மட்டுமல்ல அது.' நான் சொன்னதும்மா. நூலகத்து வாசல்ல கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. எப்படிப் பேசியிருக்கேன் பாரு. இப்பல்லாம் எனக்கு ஒரு வாக்கியம் ஒழுங்கா வரமாட்டேங்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான் முதல்ல நெனச்சேன். டிவிக்காரங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்கன்னு இருந்தேன். ஆனா இதையெல்லாம் படிச்சதும் புரிஞ்சுது. எங்கிட்ட இருந்தது ஏதோ போயிடுச்சும்மா. எப்ப போச்சுன்னுகூட எனக்குத் தெரியல. அதான் பயமா இருக்கு." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். நானே விலகிடறேன். நான் சொல்றேன், நீ எழுது. நான் சொல்றதை எழுத உன்னை விட்டா யாரு இருக்கா?"

அவருடைய மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தார். "நாப்பத்து நாலு வருஷமா குடித்தனம் பண்றேன், நான் சொன்னா கேக்க மாட்டாரு. கல்யாண மேடையில என் தங்கச்சி பேரச் சொல்லி நல்லா பாத்துக்கறேன்னு சொன்ன மனுஷன் இவரு. அன்னைக்கு எவனும் குழு போடல" என்றார்.

"அது பதற்றத்துல வந்தது" என்றார் தலைவர்.

"பதற்றம் இன்னும் தீரலையா?"

நான் பேனாவை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய, நம்ம, யாருக்கும்மா எழுதணும்? ஆங், செயலாளர். பத்தொன்பது வருஷமா இந்த ஊர் என்னை, அதாவது குடிதண்ணி, அந்தப் பம்பு ரூம்ல ஒரு பூனை இருந்துச்சே, குட்டி போட்டப்ப ரெண்டு நாள் பம்பை நிறுத்தி வெச்சோமே, அது மாதிரி, இப்ப நான், போதும்னு."

என் கை அது பாட்டுக்கு எழுதி முடித்தது. காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார்: "'பத்தொன்பது ஆண்டுகள் என்மீது நம்பிக்கை வைத்த ஊருக்கு நன்றி. குடிநீர் கொடுக்கும் அவசரத்திலும் ஒரு சிறு உயிருக்காகக் காத்திருக்கத் தெரிந்த நிர்வாகம் இது என்ற நிறைவோடு விடைபெறுகிறேன்.'" படித்து முடித்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. "பாத்தியா? இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு எங்கிட்ட."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் செய்த காரியம் என்னவென்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நல்ல மனிதருக்குப் பத்தொன்பது வருஷமாக வேறொருவரின் முகத்தைக் கண்ணாடியில் காட்டியிருக்கிறேன்.

"ஐயா, அது நீங்க சொன்னது இல்ல. நீங்க பூனைன்னுதான் சொன்னீங்க" என்றேன்.

"அதான் எழுதியிருக்கியே, சிறு உயிர்னு."

"இது மட்டும் இல்ல. இந்தப் பத்தொன்பது புத்தகமும் அப்படித்தான். நூலகத்து வாசல்ல இருக்கிற கல்லு உட்பட."

ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. தொகுதிகளை ஒவ்வொன்றாக மூடினார்.

"அப்போ நான் எப்பவுமே நல்லா பேசினது இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

"ஒரு நாள்கூட?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று நினைத்து, "ஒரு நாள்கூட இல்லீங்க" என்றேன்.

அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். தலைவர் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை குழுவுல இதச் சொல்வியா?" என்று கேட்டார். சொல்வதாக ஒப்புக்கொண்டேன். "வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த எதிரணி அம்மா ஆதாரம் கேக்கும்" என்றார். அந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு நினைவு தப்பவே இல்லை.

வியாழக்கிழமை, அவையின் சின்ன ஆலோசனை அறை. மருத்துவர், குழுவில் இன்னும் இரண்டு பேர், தலைவர், ஆதாரம், சாட்சி சொல்ல வந்த அளவுக்காரர். நான் பழைய ஒலிப்பதிவுகளை ஒரு அட்டைப் பெட்டியில் சுமந்துகொண்டு போனேன். முதல் வருஷத்து முதல் கூட்டத்தை எடுத்து ஓடவிட்டேன். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு தலைவரின் குரல், இளமையாக:

"இந்த நூலகம், வந்து, இதுல தண்ணி வரும். எல்லா வீட்டுக்கும். தண்ணி இல்ல, அது வேற, அது அடுத்த மாசம். இது, அந்த, மேல ஏறிப் போனா..."

அதற்குப் பிறகு மௌனம். ஒலிப்பதிவில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"...மாடி. ரெண்டாவது மாடி. அங்க புத்தகம்."

நான் நிறுத்தினேன். அளவுக்காரர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"பதிமூணு நொடி" என்றார். "போன மாசத்துக்கும் இதுக்கும் பாத்தா ரெண்டு நொடி குறைஞ்சிருக்கு. முன்னேற்றம்தான்."

முதலில் சிரித்தவர் தலைவர். வயிறு குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தார். "அப்போ எனக்கு ஒண்ணும் போகல டாக்டர். எங்கிட்ட இருந்தாத்தானே போறதுக்கு" என்றார். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வருஷத்திலும் ஒரு பதிவு போடச் சொன்னார். போட்டேன். பத்து, பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று என்று அளவுக்காரர் குறித்துக்கொண்டே வந்தார். பதினோராவது வருஷத்துக்கு மேல் இடையிடையே ஒரு பெண் குரலும் வந்தது.

"அதாவது தலைவரே, அதாவது ஆதாரம், எங்கிட்ட இருந்துச்சு, இந்தப் பையிலதான், அதாவது இது வேற பை..."

ஆதாரம் தலையை நிமிர்த்தினார். "இது யாரு?"

அளவுக்காரர் நொடியைக் குறித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"நானா? நான் இப்படியா பேசறேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினேன். கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார். ஆனால் அவர் அவர்தான், விடவில்லை. "சரி. நானும் இப்படித்தான்னே வெச்சுக்கறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கு. இத்தனை வருஷம் இந்த ஊரை நடத்தினது யாரு? தலைவரா, இல்ல இந்த அம்மாவா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"தீர்மானம் எல்லாம் கை தூக்கித்தாங்க முடிவாகும். அந்த எண்ணிக்கையில நான் ஒரு நாளும் கை வெச்சதில்ல. நூலகம் வேணும்னு கை தூக்கினது அவரு. தண்ணி வேணும்னு தூக்கினதும் அவருதான். எதைச் செய்யணும்னு அவருக்கு எப்பவும் தெரியும். அதைச் சொல்லத்தான் தெரியாது."

மருத்துவர் நிறைய நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவுக்கு மூடி போட்டார்.

"தலைவர் நிலையில பத்தொன்பது வருஷமா எந்த மாற்றமும் இல்ல. அவரு பதவியில தொடரலாம். பேச்சுத் தடுமாற்றம் வேற, புத்தித் தடுமாற்றம் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மா, நீங்க செஞ்சதும் சரியில்ல. நாளைக்கு இவருக்கு நெஜமாவே நினைவு போச்சுன்னா, உங்க எழுத்தைப் படிச்சு யாராவது கண்டுபிடிக்க முடியுமா? ஓட்டுப் போட்ட ஆளு எப்படிப் பேசுவாருன்னு தெரிஞ்சுக்கற உரிமை ஊருக்கு உண்டு இல்லையா?"

நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஊரின் காதைப் பொத்தியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதோடு, பிடுங்கிய பல்லின் இடத்தில் வலி ஓய்ந்ததுபோல ஒரு ஆறுதலும் இருந்தது.

வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. இனிமேல் சொன்னது சொன்னபடி, ஓர் எழுத்து மாறக் கூடாது என்று உத்தரவு. நான் எழுதியதை அளவுக்காரர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மனிதர் அந்த வேலைக்கு சந்தோஷமாக வந்தார். அவருக்கென்று சொந்தமாக ஒரு நிறுத்துக் கடிகாரம்கூட வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்குப் பார்வையாளர் வரிசை நிரம்பி வழிந்தது. குளிர்சாதனத்துக்கு வருகிற இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. உறுப்பினர்கள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தால் அப்படியே பதிவாகும் என்ற பயத்தில், ஒரு மணி நேரம் பேசுகிறவர் எழுந்து "சம்மதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூட்டுவலி மைத்துனரைப் பற்றி அன்றைக்கு ஒரு தகவலும் இல்லை. நாலு மணி நேரத்துக் கூட்டம் முக்கால் மணியில் கடைசி விஷயத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் வேகமாகப் போகின்றன, ஏதாவது செய்ய வேண்டும் என்று பெற்றோர்கள் கொடுத்த மனு.

தலைவர் எழுந்தார். அன்றைக்கு நான் அவைக்குள்ளேயே மூலையில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மைக்கின் சிவப்பு விளக்கை அவர் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல, பிள்ளைங்க ரோட்டைத் தாண்டறாங்க. அங்க அந்த, ரோட்டுக்குக் குறுக்க, வண்டி மெதுவாப் போறதுக்கு..."

நின்றுவிட்டார். பெயர் வரவில்லை. எனக்குத் தெரிகிறது, தொண்டை வரை வந்துவிட்டது, என்னால் சொல்ல முடியாது. பார்வையாளர் வரிசையில் ஒருவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். அளவுக்காரரின் கட்டைவிரல் கடிகாரத்தின் மேல் இருந்தது. முன் வரிசையில் தலைவரின் மனைவி கையைக் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த மௌனத்துக்குத்தான் அவருக்கு நாலு வியாதி வைத்தார்கள். ராஜினாமாக் கடிதம் சொல்லும்போது மூடிய மாதிரியே இப்போதும் கண்ணை மூடிவிடுவாரோ என்று பயந்தேன். மூடவில்லை. அவையைச் சுற்றிப் பார்த்தார்.

"மறந்துடுச்சு" என்றார். "பேரு வரல. யாராவது சொல்லுங்க."

அவை கொஞ்சம் தயங்கியது. பிறகு எதிர் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"வேகத்தடை, தலைவரே" என்றார் ஆதாரம்.

"அதேதான். நன்றிம்மா. வேகத்தடை. பள்ளிக்கூட வாசல்ல ரெண்டு. சம்மதம்னா கை தூக்குங்க."

மறுநாள் காலை என் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மிதியை அழுத்தினேன். அந்த இடம் வந்ததும் பழக்க தோஷத்தில் என் விரல், "வேகத்தடை அமைக்க வேண்டியதன் அவசியத்தைத் தலைவர் வலியுறுத்தினார்" என்று ஓடிவிட்டது. அழித்தேன். திரும்ப ஒரு முறை கேட்டேன். பத்தொன்பது வருஷமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். அதில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்து மாறாமல் அடித்தேன்:

"தலைவர்: மறந்துடுச்சு. பேரு வரல. யாராவது சொல்லுங்க.

எதிரணித் தலைவி: வேகத்தடை, தலைவரே."

அதற்குக் கீழே, முப்பத்தொரு பேரும் கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது என்று அடித்துவிட்டு, அளவுக்காரரின் கையெழுத்துக்கு அனுப்பினேன்.